பீர் குடியில் சேருமா?



குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்துகொள்ள ஒருவர் ஆஸ்பத்திரியில் சேருகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் டாக்டர் வந்து, "குடிப்பழக்கம் உண்டா?" என்று விசாரிக்கிறார். "அதெல்லாம் கிடையாதுங்க டாக்டர்" என்று பதில் வருகிறது. கட்டிலருகே நிற்கும் மனைவி தரையைப் பார்க்கிறாள். டாக்டர் மறுபடியும் கேட்கவே, "எப்போதாவது பீர் மட்டும்" என்கிறார். அந்த "எப்போதாவது" என்பது தினம் மாலையில் ஸ்ட்ராங் பீர் இரண்டு பாட்டில்.

இவர் பொய் சொன்னாரா? ஆமென்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். "எப்போதாவது" என்பதில் சந்தேகமில்லை, அது பொய்தான். "குடிப்பழக்கம் கிடையாது" என்றதைத்தான் கேட்கிறேன். அவருடைய அகராதியில் குடி என்றால் பிராந்தி, விஸ்கி, ரம். கடைப் பேச்சில் "ஹாட்" என்பார்களே, அது. பீர் உடம்புச் சூட்டைத் தணிக்கிற ஒரு பானம், அவ்வளவுதான்.

இப்படி வகை பிரிப்பதில் நாம் யாருக்கும் சளைத்தவர்களல்ல. கள் இறக்கிக் குடித்த காலத்தில், "இது மரத்துப் பால், சாராயந்தான் குடி" என்று சொன்னவர்கள் உண்டு. உத்தியோகஸ்தர் ஒருவர் கிளப்பில் விஸ்கி அருந்தினால், "பார்ட்டியில் கொஞ்சம் எடுத்துக்கொள்வார்" என்கிறோம். அதே அளவைக் கூலிவேலை செய்கிறவன் கடையோரம் நின்று விழுங்கினால் அவன் குடிகாரன். வினைச்சொல்லே மாறிவிடுகிறது, பாருங்கள்: ஒருவர் எடுத்துக்கொள்கிறார், ஒருவர் சாப்பிடுகிறார், ஒருவன் போடுகிறான், ஒருவன் குடிக்கிறான். போதாக்குறைக்கு நம் ஜனங்கள் அதற்குத் "தண்ணி" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். திருவள்ளுவர் கள்ளுண்ணாமை என்றுதானே அதிகாரம் பாடினார், விஸ்கியுண்ணாமை என்று பாடவில்லையே என ஒருவர் வாதாடினால் சிரிப்போம். தினமும் நம் வீடுகளில் நடக்கிற வாதம் ஏறக்குறைய அதுதான்.

கிறிஸ்துமஸ் ஒயினையும் விட்டுவைப்பானேன்? திராட்சையும் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து ஜாடியில் வேடு கட்டி 21 நாள் வைத்து எடுக்கிறோம். "வெறும் பழரசம்" என்று சொல்லிக் குழந்தைகளுக்கும் ஒரு டம்ளர் ஊற்றுகிறோம். தாராளமாகச் சர்க்கரை சேர்த்துப் புளித்திருந்தால் அது பீரைவிடக் கடுமையானது. பண்டிகையன்று பெரியவர்கள் அளவோடு அருந்துவதை நான் குற்றம் சொல்ல வரவில்லை; கானாவூர்க் கலியாணத்தைப் பற்றி வாசிக்கிற நாம் திராட்சரசத்தையே பாவமென்று சொல்ல முடியாது. பழரசம் என்ற பெயரைத்தான் சொல்கிறேன். அந்தப் பெயர் இருப்பதால் அல்லவா டம்ளர் பிள்ளையின் கைக்குப் போகிறது?

இனிக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். எந்தப் பாட்டிலில் இருந்தாலும் போதை தருவது ஒரே வஸ்து, எத்தனால் என்னும் சாராயச் சத்து. நம் நாட்டு விஸ்கி, பிராந்தியில் அது 100-க்கு 42.8 பங்கு. ஆகவே 60 மில்லி கொண்ட ஒரு லார்ஜில் சுமார் 26 மில்லி சத்து இருக்கிறது. 100-க்கு 5 பங்குள்ள சாதாரண பீர் 650 மில்லி பாட்டிலில் 32 மில்லிக்கு மேல் இருக்கிறது. அதாவது ஒரு பாட்டில் "வெறும் பீர்" ஒரு லார்ஜ் விஸ்கியைத் தாண்டிவிட்டது. 8 பங்குள்ள ஸ்ட்ராங் பீரானால் பாட்டிலுக்கு 52 மில்லி; இரண்டு பாட்டிலுக்கு 104 மில்லி. ஒரு குவார்ட்டர் விஸ்கியில் 77 மில்லிதான். நம் மனிதர் தினமும் ஒரு குவார்ட்டரும் அதன் மேல் ஒரு லார்ஜும் குடிக்கிற மனிதர்! அவருடைய ஈரலுக்கு "ஹாட்" என்றும் பீர் என்றும் வித்தியாசம் தெரியாது.

நம் ஊர் மட்டும் இப்படியென்று நினைக்க வேண்டாம். ருஷியாவில் 100-க்கு 10 பங்குக்குக் குறைவான சத்துள்ள பீர், சட்டப்படி உணவுப் பண்டமாகவே வெகுகாலம் எண்ணப்பட்டது. 2011-ம் ஆண்டில் சட்டத்தைத் திருத்தினார்கள். 2013-லிருந்துதான் பீர் முழுமையாக மதுபானக் கணக்கில் வந்தது. உலக சுகாதார ஸ்தாபனம் குடிப்பழக்கத்தை அறிய 10 கேள்விகள் அடங்கிய ஒரு தாளை 1989-ல் வெளியிட்டது. கேட்கிறவர்களுக்கு அதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு: மதுபானம் என்று பொதுவாகக் கேட்டு நின்றுவிடாமல், அந்தந்த ஊரில் வழங்கும் பானங்களை உதாரணமாகச் சொல்லி விளக்குங்கள் என்பது. மனிதர் எந்தச் சொல்லுக்குள் ஒளிந்துகொள்வார் என்பதை அறிந்தவர்கள் எழுதியது அது.

சரி, பொய்யா இல்லையா? பொய்யைப் பற்றி 395-ம் ஆண்டு வாக்கில் ஒரு புத்தகமே எழுதிய அர்ச். அகுஸ்தீன், மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயால் வேறொன்றைச் சொல்வதே பொய் என்கிறார். அப்படியானால் பீர் குடியல்ல என்று மெய்யாகவே நம்புகிறவன் தப்பினான் போலிருக்கிறதே! ஆனால் அந்த நம்பிக்கை எப்படி வந்தது? தன் இஷ்டம்போல் நடப்பதற்காகவே ஒருவன் அறியாமல் இருக்க விரும்பினால், அந்த அறியாமை அவனைக் குற்றத்திலிருந்து விடுவிக்காது என்பது அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் போதனை. உள்ளுக்குள் வேறு அர்த்தம் வைத்துக்கொண்டு "நான் செய்யவில்லை" என்று சத்தியம் செய்தாலும் பொய்யாகாது என்று சிலர் சாமர்த்தியமாகக் கற்பித்தார்கள். 1679-ல் பாப்பரசர் 11-ம் இன்னொசெந்து அதைக் கண்டித்துத் தள்ளினார்.

எனக்குத் தோன்றுகிற சோதனை இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. காலிப் பாட்டிலை எங்கே வைக்கிறார்? குளிர்பானப் பாட்டிலை யாரும் ஸ்கூட்டர் பெட்டியில் துணி சுற்றி ஒளிப்பதில்லை. பாவசங்கீர்த்தனத்தில் வகையும் தொகையும் சொல்ல வேண்டுமென்று சிறுவயதில் படித்தோம். அங்கேயும் "கொஞ்சம் சிநேகிதர்களோடு, சாமி" என்றால், எந்த வகை, எத்தனை விசை?

இது வெறும் சொற்போரல்ல. தினமும் அவ்வளவு சத்துக்குப் பழகிய உடம்புக்கு அது திடீரென்று நின்றுபோனால், இரண்டாம் மூன்றாம் நாளில் கைகால் நடுங்கலாம், வேர்த்துக் கொட்டலாம், வலிப்பு வரலாம், பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாமல் பிதற்றலாம். சில சமயம் உயிரே போய்விடும். ஆபரேஷன் முடிந்து தையல் காயாத நேரத்தில் இது வந்தால் என்னவென்று நினைத்துப் பாருங்கள். முன்கூட்டித் தெரிந்தால் அதற்கு மருந்து உண்டு, காவலும் வைப்பார்கள். டாக்டர் மானத்தை வாங்குவதற்காகக் கேட்கவில்லை.

அர்ச். மோனிக்கம்மாள் சிறுமியாயிருந்தபோது, பீப்பாயிலிருந்து திராட்சரசம் எடுத்துவரப் பெற்றோர் அனுப்புவார்களாம். ஆசையினாலல்ல, விளையாட்டாக உதட்டு நுனியில் ஒரு சொட்டு வைத்துக்கொள்வாள். தினம் கொஞ்சம் கூடிக் கூடி, கிண்ணம் நிறையக் குடிக்கும் வரையில் வந்துவிட்டது. அவளைத் திருத்தியது பெற்றோருமல்ல, கண்டிப்பான கிழத் தாதியுமல்ல. கூடப் போகிற வேலைக்காரப் பெண் ஒருநாள் சண்டையில், கோபத்தில், குடிகாரி என்று வைதுவிட்டாள். அன்றோடு நிறுத்தினாள் என்று அகுஸ்தீன் தம் தாயைப் பற்றி எழுதுகிறார். வேலைக்காரி நல்லெண்ணத்தோடு சொல்லவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

கட்டிலருகே தரையைப் பார்த்து நின்ற அந்த அம்மாளுக்கும் அந்த வார்த்தை தெரியும். சொன்னால் வீட்டுக்குப் போன பிறகு என்ன நடக்கும் என்பதும் தெரியும். டாக்டர் அவளைத் தாழ்வாரத்துக்கு அழைத்துத் தனியாக ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.