அண்ணன் காத்த காகிதக் கட்டு

இசையின் தலைநகரம் என்று வியன்னாவைச் சொல்வார்கள். அந்தப் பெயரை அதற்கு வாங்கித் தந்தவர்களில் பலர் வெளியூர்க்காரர்கள். மோட்சார்ட் சால்ஸ்பர்க்கிலிருந்து வந்தவர். பீத்தோவன் பான் நகரத்துப் பிள்ளை. வியன்னாவிலேயே பிறந்து அங்கேயே கண்மூடியவர் ஃபிரான்ஸ் ஷூபர்ட்.

ஹாப்ஸ்பர்க் பேரரசர்களின் தலைநகரம் அது. ஆனால் 1797 ஜனவரி 31 அன்று ஷூபர்ட் பிறந்த வீடு ஓர் அறையும் சமையலறையும் மட்டுமே கொண்டது. பல குடித்தனங்கள் நெருங்கி வாழ்ந்த கட்டடத்தின் ஒரு பகுதி. கடுங்குளிர் காலம், அடுப்பின் கதகதப்பு இருந்த இடத்தில்தான் பிள்ளை பிறந்தது என்பார்கள். தந்தை பள்ளி ஆசிரியர். பிறந்த குழந்தைகளில் பெரும்பாலானவை பிழைக்காத குடும்பம்.

அந்த வீட்டில் பிழைத்த இன்னொரு பிள்ளையைத்தான் இன்று நினைக்கத் தோன்றுகிறது. ஃபிரான்ஸுக்கு மூத்தவர், 1794-ல் பிறந்த ஃபெர்டினாண்ட்.

தம்பி வாழ்ந்தது 31 ஆண்டுகள். எழுதிய பாடல்கள் 600-க்கும் மேல். முழுக்க அவருடைய படைப்புகளே இடம்பெற்ற பொதுக் கச்சேரி ஒன்றே ஒன்று, 1828 மார்ச் 26-ல். அந்த ஆண்டு நவம்பரில் ஃபெர்டினாண்டின் வீட்டில் உயிர் பிரிந்தது. காய்ச்சல் வேகத்தில் தம்பி பீத்தோவன் பெயரைச் சொல்லியிருக்கிறார். அண்ணன் அதையே கடைசி ஆசையாக எடுத்துக்கொண்டு, செலவு கூடினாலும் பரவாயில்லை என்று பீத்தோவன் கல்லறைக்கு அருகிலேயே அடக்கம் செய்ய ஏற்பாடு செய்தார். நானறிந்த அண்ணன் தம்பி கதைகளில் இந்த இடம் மனத்தை விட்டு அகல்வதில்லை.

ஃபெர்டினாண்டிடம் குறை இல்லாமல் இல்லை. தம்பி எழுதிக் கொடுத்த இரங்கல் பூசை இசை ஒன்றைத் தன் பெயரிலேயே வெளியிட்டவர் அவர். இருந்தும், தம்பி விட்டுப்போன காகிதக் கட்டுகளைப் பத்து ஆண்டுகள் பத்திரமாக வைத்திருந்தார். பதிப்பாளர்களுக்குக் கடிதம் எழுதினார். 1839-ன் தொடக்கத்தில் இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமான் வீடு தேடி வந்தபோது கட்டுகளை அவர் முன்னால் பிரித்து வைத்தார். அதிலிருந்துதான் சி மேஜர் பெருஞ்சிம்பொனி வெளியே வந்தது. அதே ஆண்டு மார்ச் 21-ல் லைப்சிக் நகரில் இசையமைப்பாளர் மெண்டல்சன் அதை மேடையேற்றினார். பிறந்த ஊரான வியன்னாவோ அந்த ஆண்டு டிசம்பரில் முதலிரண்டு பகுதிகளை மட்டும் வாசித்து, இரண்டுக்கும் நடுவே ஓர் ஆப்பெராப் பாடலைச் செருகியது.

காகிதத்தைக் காப்பாற்றி வைத்திருந்தால் மட்டும் போதுமா? ஷூபர்ட்டின் மற்றொரு சிம்பொனி, இன்று உலகம் 'முடிவுறாதது' என்று அழைக்கும் அந்த இசை, கிராட்ஸ் நகரில் இருந்த நண்பர் அன்செல்ம் ஹூட்டன்பிரென்னர் கையில் இருந்தது. அவரும் கிழிக்கவில்லை, தொலைக்கவில்லை. சுமார் நாற்பது ஆண்டுகள் வெளியே கொடுக்காமலும் இருந்துவிட்டார். வைத்திருப்பது ஒரு பாதி. கேட்டு வருபவர் முன்னால் கட்டை அவிழ்ப்பது மறுபாதி. நம் வீட்டுப் பரணில் தாத்தாவின் நோட்டுப் புத்தகமோ, பாட்டி பாடிய பாட்டின் பழைய கேசட்டோ கிடந்தால், இன்று சாயங்காலம் ஏணி போட்டு ஏறிப் பார்க்கலாம்.

1865 டிசம்பரில்தான் அந்த முடிவுறாத சிம்பொனி வியன்னாவில் முதன்முறையாக ஒலித்தது. ஃபெர்டினாண்ட் அதைக் கேட்கவில்லை. 1859-லேயே அவர் மறைந்துவிட்டார்.