கல் விளிம்பும் கருத்தின் உரிமையும்

"இஃது என் சிந்தனையில் உதித்தது" என்று நாம் இலகுவிற் கூறிவிடுகின்றோம். ஒரு கருத்து உதித்த விதத்தை அது எவன் உள்ளத்தில் உதித்ததோ அவனே நன்கறிவான் என்பது பொதுவான நம்பிக்கை. அந்நம்பிக்கை எத்துணை உறுதியானது என்பது ஆராயற்பாலது. அதற்கு என் சிறிய அனுபவமொன்றையே சான்றாக எடுத்துக்கொள்கின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், மாரி தோறும் என் வாசிப்பறை யன்னலின் மேற்புறத்தால் நீர் கசிந்து நூல்களை நனைத்து வந்தது. சுவரில் வெடிப்பிருப்பதாக நானே முடிவுசெய்து இருமுறை சீமெந்து பூசுவித்தேன். இரண்டாம் முறை வந்த மேசன், "ஐயா, தண்ணி சுவருக்குள்ளால வரல்ல, மேல்தட்டோட அடியைப் பிடிச்சிக்கிட்டு வருது" என்றார். நான் அதனைப் பொருட்படுத்தவில்லை. பூச்சு முடிந்தது, கசிவு தொடர்ந்தது.

மறு ஆண்டு மாணவர் சிலருடன் தம்புள்ளைக் குகை விகாரைக்குச் சென்றிருந்தபோது பெருமழை பெய்தது. பாறையின் நெற்றியில் நீண்டு செல்லும் வெட்டு விளிம்பை அன்றுதான் கருத்தூன்றி நோக்கினேன். பாறையில் வழியும் நீர் கல்லோடு ஒட்டிக்கொண்டு, வளைவைப் பின்பற்றிக் குகையினுள்ளே செல்லும் இயல்புடையது. கூரிய விளிம்பொன்று குறுக்கிட்டால் அப்பிடி அறுந்து, நீர் வெளியே சொட்டிவிடும். 18ஆம் நூற்றாண்டிற் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்திற் புதுப்பிக்கப்பட்ட ஓவியங்கள் இன்றளவும் நிலைத்திருப்பதற்கு இவ்வெளிய உத்தியும் ஒரு காரணமெனலாம். ஊருக்குத் திரும்பியதும் யன்னலின் மேல்தட்டின் அடிப்புறத்தில் ஒரு தவாளிப்பை வெட்டுவித்தேன். கசிவு நின்றது.

"தம்புள்ளையில் எனக்கு ஓர் உண்மை பளிச்சிட்டது" என்று இக்கதையைப் பலருக்கும் பெருமையுடன் கூறினேன். ஒருநாள் வேறு வேலையாக வந்த அதே மேசன் தவாளிப்பை அண்ணாந்து பார்த்து, "அன்னைக்கே சொன்னேனே ஐயா" என்று சிரித்தார். அப்பொழுதுதான் அவர் கூற்று என் நினைவுக்கு வந்தது. நான் வேண்டுமென்று பொய்யுரைக்கவில்லை. என் நினைவே எனக்குச் சாதகமாக அவரை நீக்கிவிட்டிருந்தது.

பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஹென்றி புவான்காரே, கணிதக் கண்டுபிடிப்பைப் பற்றி 1908இல் ஆற்றிய உரையில், வண்டியொன்றின் படியிற் காலை வைத்த கணத்திலே விடையொன்று தமக்குத் தோன்றியதை விவரித்தார். அக்காட்சியைப் பலரும் எடுத்துரைப்பர். ஆயின், முன்னர் நிகழ்ந்த கடும் உழைப்பும் பின்னர் நிகழ வேண்டிய சரிபார்ப்பும் இன்றி அத்தகைய ஒளி பயன் தராதென அவர் வற்புறுத்தியதை நினைவுகூர்வோர் சிலரே. ஒளி தோன்றிய கணம் நம் நினைவில் நிற்கின்றது. அதற்கு எண்ணெய் வார்த்தவை மறைந்துவிடுகின்றன. முதலில் மறைவன நம் தவறுகள். அடுத்து மறைவோர் நாம் மதியாத மனிதர்.

அவ்வாறாயின், கருத்தில் எனக்கு யாதொரு பங்கும் இல்லையோ என வினவலாம். உண்டு. நீரின் வழியை மேசன் காட்டினார். அதனைத் தடுக்கும் முறையைப் பாறை காட்டியது. இரண்டையும் இணைத்தவன் நான். அப்பங்கை மறுப்பது போலிப் பணிவாகும். அதற்கு மேற் கோருவது களவாகும். ஆதலின், தன் சிந்தனையைத் தானே திரும்பி நோக்குதல் வெறும் உளவியற் பயிற்சியன்று. நன்றிக்கடனைக் கணக்கிடும் அறச்செயலுமாகும். மாணவர் வினாவினால் தெளிவு பெறும் விரிவுரையாளருக்கும், நண்பர் உரையாடலிற் கருத்தெடுத்துக் கட்டுரை வரையும் மாணவருக்கும் இது பொருந்தும்.

இலங்கையின் தொன்மையான குகைகளில், நீர்வடி விளிம்பின் கீழே பிராமிக் கல்வெட்டுகள் காணப்படுகின்றன. அவை பெரும்பாலும் குகையைத் தானமளித்தோரின் பெயர்களைக் கூறுவன. விளிம்பைச் செதுக்கியோரை அவை கூறுவதில்லை. அக்கைகளின் பெயர்களை இனி நம்மால் எழுத இயலாது. நம் யன்னலடியில் நின்று பேசியவரின் பெயரையாவது நாம் எழுதலாம்.