சுவர் காண்பதில்லை

இருளறையில் கிடக்கும் பொருளுக்கும் நிறம் உண்டு. ஒளி படும்வரை அது புலனாவதில்லை. கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் தமது ஆன்மா பற்றிய நூலில், மனத்தை விளக்க இந்த ஒளியையே உவமையாக்கினார். அறிவில் ஏற்கும் ஆற்றல் ஒன்று; விளங்கச் செய்யும் ஆற்றல் மற்றொன்று. அவ்வொளி ஒவ்வொருவருக்கும் உரியதா, பொதுவானதா? அவர் அதைத் தெளிவுபடுத்தவில்லை.

பதினைந்து நூற்றாண்டுகளுக்குப் பின், கார்டோபாவில் பிறந்த இப்னு ருஷ்து (1126–1198) ஏற்கும் அறிவும்கூட மனிதர் அனைவருக்கும் ஒன்றே என்றார். ‘இது நம் அத்வைதமன்றோ!’ என்று நமக்குச் சொல்லத் தோன்றும். அவசரம் வேண்டாம், அன்பர்களே.

1270-இல் பாரிஸில் தாமஸ் அக்குவைனஸ் என்ற துறவி இதை மறுத்து எழுதினார். சுவரின் நிறத்தைக் கண் காண்கிறது; அதனால் சுவர் காண்பதாகுமா? என்னுள் எழும் படிமங்களைக் கொண்டு வேறோர் அறிவே அறியுமானால், நானும் அச்சுவரைப் போன்றவனே, அறிபவன் அல்லேன். அறியாதவனுக்கு நல்வினை ஏது, தீவினை ஏது? அவ்வாண்டு டிசம்பரில் பாரிஸ் ஆயர் கண்டித்த 13 கருத்துகளுள், ‘எல்லோருக்கும் அறிவு ஒன்றே’ என்பதே முதலாவது.

வேதாந்தம் ஒன்று எனக் கூறுவது சைதன்யத்தை, புத்தியை அன்று. புத்தி உடல்தோறும் வேறு. அதில் சைதன்யம் பிரதிபலிக்க, ‘நான் செய்கிறேன்’ என்னும் ஜீவன் தோன்றுகிறான். வினைப்பயனை நுகர்பவனும் அவனே. காலையில் தம்பியிடம் சினந்துவிட்டு, மாலையில் ‘ஆத்மா எதையும் செய்வதில்லை’ என்று அமைதி கொள்ளும் சாதகர் இந்த வேறுபாட்டைத்தான் மறந்துவிடுகிறார்.