தேவதைக் கதவும் பொய்யும்

தேவதைக் கதவு என்பது ஒரு சாண் உயரம்கூட இல்லாத பொம்மைக் கதவு. தோட்டத்து மரத்தடியிலோ மதில் ஓரத்திலோ அதைச் சாத்தி வைப்பார்கள். அதற்குப் பின்னால் அறை எதுவும் கிடையாது. பெரும்பாலான கதவுகள் திறப்பதும் இல்லை. உள்ளே ஒரு குட்டித் தேவதை குடியிருப்பதாக வைத்துக்கொள்வதுதான் விளையாட்டு. இங்கிலாந்து, அயர்லாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளில் இந்த வழக்கம் இந்த நூற்றாண்டில்தான் பரவலானது. அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் ஜோனதன் ரைட் என்ற ஓவியர் வைத்த சின்னஞ்சிறு கதவுகள் 2005 முதல் கடைச் சுவர்களில் தென்படத் தொடங்கின. இங்கிலாந்தின் வேஃபோர்டு காட்டில் மரத்துக்கு மரம் கதவுகள் முளைத்து, 2015-இல் அவற்றைக் கட்டுப்படுத்தப்போவதாகக் காட்டின் நிர்வாகிகளே அறிவிக்க வேண்டிய நிலை வந்தது.

செய்முறை எளிது. ஐஸ் குச்சிகளை நெருக்கமாக அடுக்கி, பின்பக்கம் குறுக்காக இரண்டு குச்சிகளை ஒட்டினால் பலகை தயார். மேல்முனையை வளைவாக நறுக்கி, வெயில் மழைக்குத் தாங்கும் பெயின்ட் பூசி, பாசிமணி ஒன்றைக் கைப்பிடியாக ஒட்டவேண்டும். வாசற்படிக்குத் தட்டையான கூழாங்கல் போதும். மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது. வேரிடுக்கில் சாத்தினாலே நிற்கும். குழந்தைகள் பொதுவாக இத்தோடு விடுவதில்லை. செருப்பு விட ஒரு இடம், கடிதம் போட ஒரு பெட்டி, குளிருக்கு ஒரு புகைக்கூண்டு என்று வேலை நீண்டுகொண்டே போகும்.

எல்லாம் முடிந்தபின், “நிஜமாவே உள்ள யாராவது இருக்காங்களா?” என்று குழந்தை கேட்கும். பொய்யென்று தெரிந்த ஒன்றைப் பெரியவர்கள் குழந்தையிடம் மெய்போலச் சொல்லலாமா என்ற பழைய அறக் கேள்வி இங்கே எழுகிறது. குழந்தைகளுக்கு முதலில் சொல்லப்படும் கதைகள் பெரும்பாலும் பொய், ஆனால் அவற்றுள் உண்மையும் உண்டு என்று கிரேக்கத் தத்துவவாதி பிளேட்டோ தம் ‘குடியரசு’ நூலில் ஒப்புக்கொண்டார். எனவே எந்தக் கதையைச் சொல்லலாம் என்று தணிக்கை செய்வதே அவர் கண்ட வழி.

கிறிஸ்தவ மரபில் இதை நேரடியாக அலசியவர் அகஸ்டின். ஏறத்தாழ 395-இல் பொய்யைப் பற்றி அவர் எழுதிய நூலின் தொடக்கத்திலேயே வேடிக்கைப் பேச்சை ஒதுக்கிவிடுகிறார். சொல்பவரின் குரலும் முகபாவமும் ஏமாற்றும் எண்ணம் இல்லையென்று காட்டிவிடுவதால் அது பொய்யாகாது என்பது அவர் வாதம். 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் பொய்யை மூன்றாகப் பிரித்தார்: கேடு செய்யும் பொய், உதவிக்குச் சொல்லும் பொய், வேடிக்கைக்குச் சொல்லும் பொய். மூன்றாவது சிறு பாவம்தான், ஆனாலும் பாவமே. தத்துவவாதி கான்ட் இன்னும் கறார். நண்பனைக் கொல்லத் தேடி வருபவனிடம்கூடப் பொய் சொல்லக் கூடாது என்று 1797-இல் எழுதியவர், ஐஸ் குச்சிக் கதவுக்காகத் தம் விதியைத் தளர்த்தியிருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

இம்மூவரில் அகஸ்டினின் வழியே இங்கு பயன்படுகிறது. ஆனால் அதில் ஒரு சிக்கல். குரலையும் முகத்தையும் படித்து ‘இது விளையாட்டு’ என்று உணரக் கேட்பவருக்குத் திறமை வேண்டும். நான்கு வயதில் அது இருக்கிறதா?

ஓரளவு இருக்கிறது என்பதே உளவியல் ஆய்வுகள் தரும் விடை. 1991-இல் பால் ஹாரிஸும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு சோதனையை வெளியிட்டனர். நான்கு, ஆறு வயதுக் குழந்தைகளிடம் வெற்றுப் பெட்டியைக் காட்டி, அதற்குள் முயலோ அரக்கனோ இருப்பதாகக் கற்பனை செய்யச் சொன்னார்கள். எல்லாம் கற்பனைதான் என்று குழந்தைகள் தெளிவாகவே சொன்னார்கள். ஆய்வாளர் அறையைவிட்டு வெளியேறியதும், சிலர் பெட்டியருகே போய்த் திறந்து பார்த்தார்கள். ‘இல்லை’ என்று தெரிந்தும் ‘ஒருவேளை இருந்துவிட்டால்?’ என்ற குறுகுறுப்பு போகவில்லை. பெரியவர்களும் இதற்கு விலக்கல்லர். பேயில்லை என்று வாதிடுபவர் பலர் நள்ளிரவில் சுடுகாட்டுப் பாதையைத் தவிர்க்கத்தான் செய்கிறார்கள்.

ஜாக்குலின் உல்லியின் குழு 2004-இல் வெளியிட்ட ஆய்வு மறுபக்கத்தைக் காட்டுகிறது. இரவில் வந்து மிட்டாயை எடுத்துக்கொண்டு பொம்மை வைத்துப் போகும் ‘மிட்டாய்ச் சூனியக்காரி’ என்ற புதுப் பாத்திரத்தை உருவாக்கி, மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் அறிமுகப்படுத்தினார்கள். சில வீடுகளில் பெற்றோர் இரவோடு இரவாக மிட்டாயை எடுத்துவிட்டுப் பொம்மையை வைத்தார்கள். அந்த வீட்டுக் குழந்தைகளின் நம்பிக்கையே வலுவாக இருந்தது. சாட்சியத்தை எடைபோட்டு முடிவுக்கு வரும் அறிவு அவர்களிடம் வேலை செய்தது. சாட்சியத்தைத் திரித்தவர்கள் பெரியவர்கள்.

தேவதைக் கதவின் தனிச்சிறப்பு இங்கேதான் இருக்கிறது. கடையில் வாங்கி ரகசியமாக வைத்த கதவு ‘சாட்சியம்’. குழந்தை தானே பசை தடவி ஒட்டிய கதவு அப்படியல்ல. கைப்பிடி எந்தப் பாசிமாலையிலிருந்து வந்தது என்று குழந்தைக்குத் தெரியும். கெண்டல் வால்டன் என்ற தத்துவவாதி 1990-இல் வெளியிட்ட நூலில், காட்டில் விளையாடும் குழந்தைகள் மரக்கட்டைகளைக் கரடிகளாக வைத்துக்கொள்வதை உதாரணமாக எடுக்கிறார். கட்டை இருக்கும் இடத்தில் கரடி இருக்கிறது என்ற விதியைக் குழந்தைகளே ஏற்படுத்துகிறார்கள். அந்த விளையாட்டுக்குள் அது உண்மை. விதியை வகுத்தவரை அதே விதியால் ஏமாற்ற முடியாது. சேர்ந்து செய்யும் கதவில் குழந்தையும் கதாசிரியர்தான்.

மதக் கோணத்தில் வேறொரு ஆட்சேபம் உண்டு: ஆவியுலகத்தை விளையாட்டுப் பொருளாக்கலாமா? ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ் 1597-இல் வெளியிட்ட நூல், தேவதைகளைச் சாத்தானின் மாயத் தோற்றமாகவே பார்த்தது. ஒரு நூற்றாண்டு கழித்து அதே நாட்டில், அபர்ஃபாயில் ஊரின் பாதிரியார் ராபர்ட் கிர்க் நேர்மாறாக நினைத்தார். கண்ணுக்குத் தெரியாத உயிர்களை மறுப்பவர்கள் கடைசியில் கடவுளையே மறுப்பார்கள் என்று அஞ்சி, தேவதைகளின் வாழ்வைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

அந்தத் தேவதைகள் இன்றைய மழலைப் படங்களில் வரும் சிறகு முளைத்த சிறுமிகள் அல்ல. அயர்லாந்தில் பழைய மண்வளையக் கோட்டைகளையும் தனித்து நின்ற முள்மரங்களையும் தேவதைகளின் இடமென்று தொடாமல் விட்டார்கள். யாரும் தேவதைகளுக்கு வாசல் வைத்து அழைக்கவில்லை. வராமலிருந்தால் போதும் என்றே நினைத்தார்கள். 1895 மார்ச்சில் டிப்பெரரி மாவட்டத்தில் பிரிஜெட் கிளியரி என்ற இளம்பெண்ணைக் கணவனே எரித்துக் கொன்றான். உண்மையான மனைவியைத் தேவதைகள் கொண்டுபோய்விட்டு மாற்றாள் ஒருத்தியை விட்டுச் சென்றதாக அவன் சாதித்தான். அவனுக்கு இருபது ஆண்டுக் கடுங்காவல் கிடைத்தது. நம்பிக்கை உயிரோடு இருந்தவரை தேவதைக் கதவு என்ற பொம்மை சாத்தியமே இல்லை. பயம் போன பிறகுதான் அது பிறந்தது.

விளையாட்டை நம்பிக்கையாக மாற்றுவது குழந்தைகள்தான் என்று சொல்வதற்கில்லை. 1917-இல் யார்க்ஷயரின் காட்டிங்லி கிராமத்தில் 16 வயது எல்சி ரைட்டும் 9 வயது ஃபிரான்சிஸ் கிரிஃபித்ஸும் அட்டையில் வரைந்து வெட்டிய தேவதைகளைத் தொப்பி ஊசியால் நிறுத்திப் படமெடுத்தார்கள். வீட்டோடு முடிந்திருக்க வேண்டிய குறும்பு அது. பிரம்மஞான சபையைச் சேர்ந்த எட்வர்டு கார்டனர் (சென்னை அடையாறைத் தலைமையகமாகக் கொண்ட அதே சபைதான்) அவற்றை மெய்யென்று ஏற்றார். ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில் 1920-இல் பத்திரிகைக் கட்டுரையும் 1922-இல் ஒரு நூலும் எழுதினார். அவ்வளவு பெரிய மனிதர் நம்பியபின் உண்மையைச் சொல்ல இருவருக்கும் கூச்சம். 1983-இல்தான் ஒப்புக்கொண்டார்கள், அப்போதும் ஒரு படம் மட்டும் உண்மை என்று ஃபிரான்சிஸ் சொன்னார். விளையாட்டிலிருந்து வெளியேறும் வழியை அவர்களுக்கு அடைத்தவர்கள் பெரியவர்களே.

ஆகவே கதவு வைப்பதில் தவறில்லை. தவறு அதற்கு அடுத்த கட்டங்களில் நுழையலாம். குழந்தை எழுதிய கடிதத்துக்குத் தேவதையின் கையெழுத்தில் ரகசியமாகப் பதில் வைப்பது எல்லையில் நிற்கும் காரியம். அந்தப் பதிலைக் குழந்தையும் சேர்ந்து எழுதினால் விளையாட்டு. ஒளித்து வைத்துவிட்டுப் பிறகு ‘பார், நிஜம்தான்’ என்று நிரூபணமாகக் காட்டினால் ஏமாற்று. “சாப்பிடாவிட்டால் தேவதை வீட்டைக் காலி செய்துவிடும்” என்பது இன்னும் மோசம். அது பூச்சாண்டியின் வேலையைத் தேவதையிடம் கொடுப்பது.

குழந்தையின் கேள்வியும் இரண்டு வகை. கண்ணில் குறும்போடு கேட்டால் அது விளையாட்டுக்குள்ளிருந்து வரும் கேள்வி, “கதவைத் தட்டிப் பார்ப்போமா?” என்பது போதுமான பதில். விளையாட்டை நிறுத்திவிட்டு முகம் பார்த்துக் கேட்டால் அது வெளியிலிருந்து வரும் கேள்வி; அதற்கு “இல்லை, நாம் சேர்ந்து செய்த கதைதான் இது” என்று உண்மையைச் சொல்லிவிட வேண்டும். உண்மை தெரிந்த பிறகும் பல குழந்தைகள் மறுநாள் வாசற்படியைப் பெருக்கி, புதுப் பூ வைக்கின்றன.