ஒளுவைக் காக்க வயிற்றை வதைப்பதா?

மஃரிபுக்குச் செய்த ஒளு இஷா வரை நிற்க வேண்டுமென்று மலத்தை அடக்கி அமர்ந்திருப்போர் நம்மில் உண்டு. அதைப் பேணுதல் என்றே எண்ணுகிறார்கள்! மலஜலத்தை அடக்கிக்கொண்டு தொழுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்க, முஸ்லிம் ஷரீபில் காண்கிறோம். அதற்காக ஜமாஅத் தவறினாலும் குற்றமில்லை என்பர் ஃபிக்ஹு நூலார்.

அடக்க அடக்கக் குடல் மலத்தின் நீரை உறிஞ்சிவிடும், மலம் இறுகும், நாளடைவில் உணர்வே மங்கிவிடும். நாட்பட்ட மலச்சிக்கலுக்கு இதுவும் ஒரு காரணம்.

ரமளானிலோ கேட்கவே வேண்டாம். நோன்பு திறந்ததும் வடையும் சமூசாவும். தண்ணீர் இரண்டு மிடறு! ஸஹர் வரை சிறுகச் சிறுகத் தண்ணீர் அருந்துவோம். ஸஹர் உணவில் கீரை, கொய்யா சேர்ப்போம். மலத்தில் இரத்தம் கண்டால் மட்டும் கைவைத்தியம் வேண்டாம். வெட்கப்படாமல் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.