ரிவிஷன் ஜீரோ

பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பார்கள். கைலாசபுரத்தில் இந்தப் பழமொழிக்குத் தனி மரியாதை உண்டு. திருச்சியில் பெல் கொதிகலன் ஆலையை நம்பி எழுந்த டவுன்ஷிப் இது. இங்கே ஃபிட்டர் என்றால் ஃபிட்டர்தான், டர்னர் என்றால் டர்னர்தான். வெல்டரிலேயே, சாய்த்து நிறுத்திய குழாயைச் சுற்றிவந்து பற்றவைக்கத் தனித் தேர்வு இருக்கிறது. தேறாதவர் அந்த வேலையைத் தொட முடியாது. பற்றவைத்த இணைப்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். ஒரே வேலையில் ஆயுள் முழுக்கக் கை பழகியவர்களை மதிக்கிற ஊர்.

இந்த ஊரில் டிசைன் படிக்கிற பெண்ணை எந்தக் கணக்கில் சேர்ப்பது? என் தங்கை மகள் விடுமுறைக்கு வந்தால் குவார்ட்டர்ஸ் முன்னறையில் நடக்க வழியிருக்காது. ஒரு பக்கம் லினோ அச்சுத் தகடும் செதுக்கு உளிகளும். இன்னொரு பக்கம் லேப்டாப். நாற்காலி முதுகில், அச்சுப் பதித்துக் காயப்போட்ட உறையூர்க் கைத்தறித் துணி. வாசலில் போட்ட கோலம் திரையில் அனிமேஷனாக ஓடும். “பாப்பா கடைசியில என்னதாங்க ஆகப்போகுது?” என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆனால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், ஒரு ஊடகம் இன்னொன்றுக்குப் பாடம் சொல்வது தெரியும். கம்பிக் கோலத்தை அவள் கணினியில் வரைந்தபோது கோடு முழுக்க ஒரே தடிமனாக வந்தது. அழகாகத்தான் இருந்தது, ஆனால் கோலமாக இல்லை. வாசலுக்குப் போய் மாவெடுத்துப் போட்டுப் பார்த்தாள். நேர்க்கோட்டில் கை விரைகிறது, மாவு மெல்லியதாக விழுகிறது. வளைவில் கை தயங்குகிறது, அங்கே கொஞ்சம் கூடுதலாக விழுகிறது. அந்தத் தயக்கத்தைத் திரும்பத் திரைக்குக் கொண்டுபோனாள். கோடு உயிர் பெற்றது. கோலமும் கணினியும் இப்படிச் சேர்வது புதிதும் இல்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974-லேயே கோலத்தின் இலக்கணத்தைக் கணினி அறிவியல் ஆய்வுக் கட்டுரையாக எழுதிவிட்டார்கள்.

இன்னும் பின்னால் போனால் திருச்சிக்கே ஒரு கதை இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிருந்த ஓவியர்கள் காக்காப்பொன் தகடுகளில் படம் எழுதி வெள்ளைக்காரர்களுக்கு விற்றார்கள். அதில் ஒரு வகை வேடிக்கையானது. ஓர் அட்டையில் முகம் மட்டும் இருக்கும். கண்ணாடி போன்ற தகடுகளில் முகமில்லாத உடைகள் இருக்கும். அட்டைமேல் ஒரு தகட்டை வைத்தால் அந்த முகம் ஒரு வேடம் தரிக்கும். தகட்டை மாற்றினால் வேறு ஆள். ஃபோட்டோஷாப்பில் ‘லேயர்’ வந்தது 1994-இல். தகட்டை அடுக்கிப் படம் காட்டும் யோசனை திருச்சியில் அதற்கு நூறு வருஷம் முன்பே புழக்கத்தில் இருந்தது. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. அந்த ஓவியர் ஒவ்வொரு தகட்டையும் முடித்து, காயவிட்டு, பிறகுதான் முகத்தின்மேல் வைக்க முடியும்.

அந்த வித்தியாசத்தில்தான் என் கேள்வி இருக்கிறது: ஒரு வேலை எப்போது முடிகிறது? லினோ வேலை தானாக முடிந்துவிடும். செதுக்கிய இடத்தில் மறுபடி லினோ முளைக்காது. கை அலுக்கும்போது தகடும் தீர்ந்திருக்கும். கோலம் வெயில் ஏறுவதற்குள் முடிந்தாக வேண்டும். கணினியில் இருக்கிற வேலைக்கு அப்படி எந்த நெருக்கடியும் இல்லை. அவளுடைய அனிமேஷன் போன விடுமுறையிலும் ஓடிக்கொண்டிருந்தது, இந்த விடுமுறையிலும் ஓடுகிறது. கேட்டால், “இன்னும் முடியல மாமா” என்கிறாள். நிறம் மாறியிருக்கிறது, வேகம் மாறியிருக்கிறது, முடியவில்லை. பழமொழியில் வரும் தச்சனின் குறை பல மரத்தைப் பார்த்தது அல்ல என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான். பார்த்ததில் ஒன்றையாவது வெட்டியிருந்தால் யாரும் அவனைக் குறை சொல்லியிருக்கப் போவதில்லை.

கீராம்பூர்க்காரரான ஓவியர் கே.எம். ஆதிமூலத்தை நினைத்துக்கொள்கிறேன். துறையூர்ப் பக்கம், 1938-இல் பிறந்தவர். காந்தியைக் கோட்டோவியமாக வரைந்து தள்ளினார், பத்திரிகைகளுக்குத் தமிழ்த் தலைப்பெழுத்துகளைத் தீட்டினார், கதைகளுக்குப் படம் போட்டார், பெரிய பெரிய அரூப வண்ண ஓவியங்களும் செய்தார். ஒன்றை விட்டு ஒன்றுக்குத் தாவியவர் என்று அவரை யாரும் சொல்வதில்லை. தலைப்பெழுத்து அச்சுக்குப் போக வேண்டிய நாள் என்று ஒன்று இருந்தது, அன்றைக்குப் போனது.

நான் ஆலையில் வேலை பார்த்தது வரைபடப் பிரிவில். ஆரம்பத்தில் டிரேசிங் தாளில் மையால்தான் வரைவோம். பிசகிய கோட்டை பிளேடால் சுரண்டி, அந்த இடத்தை நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கி, மேலே புதுக் கோடு போட வேண்டும். அதே இடத்தை மறுபடி மறுபடி சுரண்டினால் தாளில் ஓட்டை விழும். பிறகு கணினி வந்தது. ஓட்டை விழுகிற பயம் போயிற்று. ஆனால் தாளின் வலது கீழ்மூலையில் இருந்த கட்டம் அப்படியே இருந்தது. வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர், தேதி, ரிவிஷன் எண். முதன்முதலாக வெளியே போகும் வரைபடம் ரிவிஷன் ஜீரோ. அதில் பிழையே இல்லை என்று யாரும் சத்தியம் செய்வதில்லை. ஷாப்பில் நிற்கிற ஃபிட்டர் இதை வைத்துத் தகட்டை வெட்டத் தொடங்கலாம் என்பதுதான் அதற்கு அர்த்தம். பிறகு மாற்றம் வந்தால் என்ன மாறியது, என்றைக்கு என்று எழுதி ரிவிஷன் ஒன்று போடுவோம்.

முடிப்பது என்றால் குறையில்லாமல் ஆக்குவது என்று நினைத்துத்தான் பலர் எதையும் முடிப்பதில்லை. இன்னொருவர் கையில் கொடுக்கும் நிலைக்குக் கொண்டுவந்து, பெயரையும் தேதியையும் போடுவதுதான் முடிப்பது. பார்க்கிறவர் பார்க்கட்டும், குறை சொல்கிறவர் சொல்லட்டும், அதை வைத்து அடுத்தவர் ஏதாவது தொடங்கட்டும். எல்லாவற்றுக்கும் இது பொருந்தாது. கை பழகுவதற்கு, படிப்பதற்கு, மனிதர்களோடு இருப்பதற்கு யாரும் தேதி குறிக்க வேண்டியதில்லை. செய்த பொருளுக்கு வேண்டும். ஆலையில் சங்கு ஊதி ஷிஃப்டை முடித்துவைத்தது. ஓய்வு பெற்ற பிறகு எங்களைப் போன்றவர்களுக்குச் சங்கும் இல்லை. எங்கே நிறுத்துவது என்பதை நாங்களே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அவளுடைய லேப்டாப்பின் நிலைமையும் அதுவே.

அதனால் என்ன ஆகப்போகிறாய் என்று அவளிடம் நான் கேட்பதில்லை. கையில் எத்தனை வேலை வேண்டுமானாலும் வைத்துக்கொள், ஊருக்குக் கிளம்புமுன் ஒன்றைத் தேதி போட்டு வெளியே அனுப்பு என்றேன். அந்த அனிமேஷனைத்தான் எடுத்தாள். அனுப்புகிற நேரத்தில், “மூலையில கோடு சேர்ற இடம் இன்னும் லேசா துடிக்குது மாமா” என்றாள்.

ரிவிஷன் ஒன்றில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.