புதைத்தால் தீருமோ?

செய்த தீங்கை மறைத்து வைத்தலும் செய்யாதிருத்தலும் ஒன்றாகுமா?

நார்வே நாட்டினர் வடகடலின் ஸ்லைப்னர் எரிவாயுக் களத்தில், 1996 முதல் கரியமில வாயுவைக் கடல்மட்டத்திற்கு 800 மீட்டருக்கும் கீழுள்ள மணற்பாறையுள் செலுத்தலாயினர். முதல் இருபது ஆண்டுகளில் 1.5 கோடி டன்னுக்கு மேல். 1991இல் விதித்த வரியே தூண்டுகோல். வரிக்கு அஞ்சிச் செய்த நன்மையும் நன்மையே, நாம் இகழோம்.

ஆயின் புதைக்கப்பட்டது, எரிவாயுவுடன் நூற்றுக்கு ஏறத்தாழ 9 பங்காகக் கலந்து வந்த கரியமில வாயுவின் பெரும்பகுதி மட்டுமே. அதனைப் பிரித்தபின் விற்ற எரிவாயுவோ, வாங்கியோர் அடுப்பிலும் ஆலையிலும் எரிந்து, கரியமில வாயுவாகி வானை அடைகின்றது. தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வார்க்கு உடன்படல் மூன்றும் வினையே எனக் கேட்டு வளர்ந்தோம் நாம். அவ்வெரிப்பை விற்றவர் கணக்கில் எழுதுவதா, எரித்தவர் கணக்கிலா? இருவர் கணக்கிலும் என்பதே நம் கருத்து. அடுப்பெரிக்கும் நாமும் அதற்குப் புறம்பல்லோம்.